எறும்பு வளர்த்த பகை



வைகாசிப் பூரணை நாளன்று காலையில் கல்லூரிச் சதுக்கத்துத் தருமராஜிக விகாரையில் மலர் சாத்தி வணங்கிவிட்டு, மாலையில் கிடர்பூரில் நம்மவர் இல்லம் ஒன்றில் கூடியிருந்தோம். 1892-ஆம் ஆண்டில் கப்பல்துறை திறக்கப்பட்ட நாள்தொட்டுப் பல நாட்டு உழைப்பாளிகளும் வந்து குடியேறிய இடம் கிடர்பூர். அவ்வாறு வந்தவர்களுள் தமிழரும் உளர். அவ்வில்லத்தின் முற்றத்தில் ஒரு பழைய மாமரம் நிற்கின்றது. அதன் தாழ்ந்த கிளையில் முசுறுகள் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு ஒன்று தொங்கிற்று. சிறுவன் ஒருவன் அதைக் கோலால் குத்த முற்பட்டான். பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து, "தம்பி, உயிர்க்கொலை செய்யேன் என்று காலையில்தானே சொன்னாய்?" என்று தடுத்தார். சிறுவன் கோலைக் கீழே போட்டான். ஆனால் வாயை மூடவில்லை. "தாத்தா, எறும்புக்குப் பஞ்சசீலம் உண்டா? அது மட்டும் புழுவைக் கொல்கிறதே!" என்றான்.

எல்லோரும் நகைத்தோம். அருகிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் நகைக்கவில்லை. "ஐயா, புழுவை எறும்பு தின்பது மட்டுமன்று, எறும்பின் குஞ்சுகளைத் தின்று வளர்கின்ற வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் உண்டு. அவற்றுட் சிலவற்றை அந்த எறும்புகளே சுமந்துபோய்த் தம் வீட்டில் வைத்து வளர்க்கின்றன. உலகம் இப்படியிருக்க, எல்லா உயிரிடத்தும் அன்பு என்று நாம் சொல்வது எதை நம்பி?" என்று வினவினார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவைப் பல நாள் சிந்தித்து, கண்டவற்றை இப்பொழுது உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலில் அந்த மரத்துக் கூட்டையே காண்போம். தமிழில் முயிறு என்றும் முசுறு என்றும் வழங்கும் செவ்வெறும்பு மண்ணில் புற்றெடுப்பதில்லை. மரத்திலேயே வீடு கட்டுகின்றது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பொருத்துகின்றன. எட்டாத இடத்தில் ஒன்றன் இடையை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்குகின்றன. பிறகு வேறு சில எறும்புகள் தம் இனத்துக் குஞ்சுப் புழுக்களை வாயில் ஏந்தி வந்து, இலை விளிம்புகளின்மீது இங்கும் அங்குமாக நகர்த்துகின்றன. அப்புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழையே தையல் நூலாகின்றது. பல எறும்பினங்களில் குஞ்சுப்புழு இவ்விழையைக்கொண்டு தனக்கொரு கூட்டைப் பின்னிக்கொள்ளும். முசுறுக் குஞ்சோ தனக்கென்று கூடு பின்னுவதில்லை. தன் இழை முழுவதையும் வீட்டுக்கே கொடுத்துவிடுகின்றது. ஆகவே அந்த வீடு பிள்ளைகளின் நூலால் தைக்கப்பட்ட வீடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வீட்டுக்குள் நுழைகின்ற ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. நீல வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், பருத்த உடலும் மங்கிய நிறமும் கொண்டு விட்டில்போல் தோன்றுவதால், விட்டில் வண்ணத்துப்பூச்சி என்று பொருள்படும் பெயர் அதற்கு ஆங்கிலத்தில் ஏற்பட்டது. 1864-இல் அறிவுலகுக்கு அறிமுகமான இவ்வினம் இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை பரந்த நிலப்பரப்பில் காணப்படுகின்றது. 1902-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த டாட் என்னும் பூச்சி ஆராய்ச்சியாளர் இதன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

இதன் புழு முசுறுக் கூட்டினுள் வாழ்ந்து முசுறுக் குஞ்சுகளைத் தின்று வளர்கின்றது. அது தட்டையான நீள்வட்ட உருவமுடையது. மேல்தோல் கேடயம்போலக் கடினமானது. எறும்பின் கடைவாய் அதில் வழுக்கிப்போகும். விளிம்பைத் தரையோடு அழுத்திக்கொண்டு நகர்வதால் மெல்லிய அடிப்பகுதி வெளியே தெரிவதில்லை. பருவம் வந்ததும் அக்கடினத் தோலை நீக்காமல் அதனுள்ளேயே கூட்டுப்புழுவாகிக் கிடக்கின்றது. சிறகு முளைத்து வெளிவரும்பொழுதோ கேடயம் கிடையாது. ஆயினும் உடலெங்கும் எளிதில் உதிரும் செதில்கள் படர்ந்திருக்கின்றன. பாய்ந்து கடிக்கும் எறும்புகளின் வாயிலும் காலிலும் செதில்களே ஒட்டிக்கொள்ளும். அவை அவற்றைத் துடைத்துத் தடுமாறும் நேரத்தில் வண்ணத்துப்பூச்சி வெளியேறிவிடும். இவ்வளவு உண்டு வளர்ந்த அந்த உயிருக்குச் சிறகு வந்தபின் உண்பதற்கேற்ற உறிஞ்சு குழல் கிடையாது. தன் எஞ்சிய நாட்களை உணவின்றியே கழிக்கின்றது.

இக்குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் இத்தகையவை என்று எண்ணிவிடலாகாது. இதைச் சொல்வதற்குக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. லயனல் டி நைஸ்வில் என்பவர் இந்நகரில் அரசாங்க எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தார். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வண்ணத்துப்பூச்சிகளைப்பற்றிய பெருநூலை மார்ஷல் என்பவரோடு தொடங்கியவர் அவர். நீல வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தை விரித்துரைக்கும் அதன் மூன்றாம் பகுதி இங்கேயே அச்சாகி 1890-இல் வெளிவந்தது. 1901-இல் இந்நகரிலேயே அவர் காலமானார். இலந்தையில் வளரும் ஒரு சிறு நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை எறும்புகள் பேணிக் காக்கும் செய்தியை அவர் 1888-இல் எழுதினார். புழு தன் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து இனிய துளியைத் தருகின்றது. எறும்பு அதை உண்டு, குளவியும் சிலந்தியும் அண்டாமல் புழுவைக் காக்கின்றது. இக்குடும்பத்திற் பெரும்பகுதியின் வழக்கம் இவ்விதக் கொடுக்கல் வாங்கலேயாகும். எறும்பின் குஞ்சைத் தின்று வாழ்பவை மிகச் சிலவே.

அச்சிலவற்றுள், எறும்பே சுமந்து செல்வது என்று மாணவர் கூறிய வகை ஐரோப்பாவில் நன்கு ஆராயப்பட்டிருக்கின்றது. பெரிய நீலம் எனப்படும் வண்ணத்துப்பூச்சி தைம் என்னும் மணச்செடியின் பூவில் முட்டையிடுகின்றது. புழு சில வாரம் பூவைத் தின்று, தன் முழு எடையில் நூற்றில் இரண்டு பங்குகூட வளராத நிலையில் நிலத்தில் விழுகின்றது. இரை தேடும் சிவப்பெறும்பு அதைக் காண்கின்றது. புழு ஓர் இனிய துளியைச் சுரக்கின்றது. எறும்பு அதைச் சுவைத்து அருகிலேயே சுற்றி வருகின்றது. புழுவின் தோலிலுள்ள மணம் எறும்புக் குஞ்சின் மணத்தை ஒத்திருக்கின்றது. பிறகு புழு தன் உடலைப் புடைத்து வளைக்கின்றது. அப்பொழுது, வழிதவறி வெளியே கிடக்கும் தன் இனத்துக் குஞ்சு என்றே எண்ணியதுபோல, எறும்பு அதைக் கவ்வி எடுத்துப் புற்றினுள்ளே குஞ்சுகளின் நடுவில் கொண்டுபோய் வைக்கின்றது. அங்கே பத்துத் திங்கள்வரை அப்புழு எறும்புக் குஞ்சுகளைத் தின்று பெருக்கின்றது.

இதற்கு உறவான மற்றொரு வண்ணத்துப்பூச்சியின் புழு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. குயிற்குஞ்சு காக்கையிடம் இரை வாங்குவதுபோல் எறும்புகளின் வாயிலிருந்தே உணவு பெறுகின்றது. அது எழுப்பும் ஒலி அரசி எறும்பின் ஒலியை ஒத்திருப்பதாக 2009-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். புற்று கலையும்பொழுது எறும்புகள் தம் குஞ்சுகளைவிட்டு அதனை முதலில் தூக்கிச் செல்கின்றன. உணவு குறைந்த காலத்தில் தம் குஞ்சுகளையே கொன்று அதற்கு ஊட்டுவதும் உண்டு.

அன்பர்களே, இத்தகைய உலகத்தில் மைத்திரிக்கு இடமேது என்பதே மாணவரின் வினா. நம் பகவர் இக்காட்சியைக் காணாமல் அறம் உரைத்தவரல்லர் என்பதே இதற்கு முதல் விடை. சித்தார்த்த குமாரர் இளமையில் உழவு காணச் சென்ற வரலாறு நீங்கள் அறிந்ததே. கொழுமுனை பட்டு மண் பிளந்தது. புழுக்களும் பூச்சிகளும் சிதைந்து கிடந்தன. உழைத்துக் களைத்த உழவரையும் மாடுகளையும் அவர் கண்டார். அவர் உள்ளம் உறவினரை இழந்தவர் உள்ளம்போல் வருந்திற்று. நாவல் மர நிழலில் தனித்தமர்ந்து சிந்திக்கலானார். அவருடைய முதல் தியானத்தை இக்காட்சியோடு சேர்த்தே அசுவகோஷரின் புத்தசரிதம் கூறுகின்றது. உலகம் இனிமையானது என்று அவர் எங்கும் உரைக்கவில்லை. துக்கம் உண்டு என்பதே அவர் அறிவித்த முதல் வாய்மை. எறும்புக் குஞ்சைப் புழு தின்பது அவ்வாய்மைக்கு மாறானதன்று, அதற்குச் சான்று.

இரண்டாவது விடை: அப்புழு பாவியன்று. சேதனையே, அதாவது எண்ணித் துணியும் கருத்தே வினை என்று பகவர் அருளினார். தொல்காப்பியர் எறும்பை மூவறிவுயிர் என்று வகுத்தார். ஆறாவதாகிய மனத்தைக்கொண்டு நன்று தீது ஆராய்வது மனிதனுக்கே உரியது. புழு தன் உருவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. தன் மணத்தை ஆராய்ந்து பூசிக்கொள்ளவில்லை. அதை வெறுப்பதும், அதைக் காட்டி 'இயற்கையே இப்படியிருக்க நாம் ஏன் அடங்கவேண்டும்' என்று வாதிடுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். பஞ்சசீலம் எறும்புக்கு விதிக்கப்பட்டதன்று. வேறு வழியில் வாழக்கூடியவன் மனிதன். ஆதலால் அது மனிதனுக்கு உரைக்கப்பட்டது. கிடர்பூர்ச் சிறுவனுக்கு நாம் அன்று கூறியிருக்க வேண்டிய மறுமொழி இதுவே: 'தம்பி, எறும்புக்குச் சீலம் இல்லை, கோலைக் கீழே போட எறும்பால் முடியாது, உன்னால் முடிந்தது.'

ஆனால் நம் சிந்தனை இங்கே நின்றுவிடவில்லை. புழுவின் பக்கம் நின்று பார்த்த நாம், எறும்பின் பக்கமும் நின்று பார்க்கவேண்டாமா?

பக ஜாதகத்தை நினைவுகூருங்கள். வற்றும் குளத்து மீன்களை நல்ல நீருக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, ஒவ்வொன்றாய் அலகில் கவ்விச் சென்று கொக்கு தின்றது. கடைசியில் நண்டு அதன் கழுத்தைத் தன் கொடுக்கால் பற்றி வென்றது. அக்கதையில் ஏமாற்றியவன் சுமந்து சென்றான், ஏமாந்தவர் சுமக்கப்பட்டனர். எறும்பின் கதையில் இது தலைகீழாகின்றது. ஏமாந்ததே சுமந்து செல்கின்றது. வாயிற்காவலைக் கடக்க அப்புழு ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை. வீட்டுக்காரனின் வாயிலேயே ஏறி உள்ளே போகின்றது.

எறும்பைச் சுமக்கச் செய்தது எது? ஒரு துளி இனிமையும் ஒரு பழகிய மணமும். மணிமேகலைக் காப்பியம் நமக்குத் தமிழிலேயே கற்பித்த சார்பிற்றோற்றத்தை இவ்விடத்துப் பொருத்திப் பாருங்கள். ஊறு உண்டாகின்றது, ஊறு சார்ந்து நுகர்வு, நுகர்வு சார்ந்து வேட்கை, வேட்கை சார்ந்து பற்று. எல்லாவற்றுக்கும் அடியில் பேதைமை. இன்னது என்று அறியாமையோடு இனிமை சேருமானால், தன்னைத் தின்பதைத் தானே தூக்கிச் செல்வது எறும்புக்கு மட்டுமா நேரும்?

உபாசகர்களே, இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1907-இல் தொடங்கிய அவருடைய பத்திரிகை 'தமிழன்' வாயிலாகச் சாதியின் பொய்ம்மையைக் கிழித்துக் காட்டினார். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் இரங்கூனிலும், தமிழ் உழைப்பாளிகள் சென்ற இடமெல்லாம் கிளைச் சங்கங்கள் எழுந்தன. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு திரிசரணம் ஏற்றார். அன்று அவர் வகுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மனிதர் அனைவரும் சமம் என்பதும் ஒன்று. இப்பெரியோர் கட்டிய வீடு எளிதில் கட்டப்பட்டதன்று. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூலி வேலைக்கு நடுவே காசு சேர்த்து, இரவுப் பள்ளி நடத்தி, இழைமேல் இழையாகத் தைத்த வீடு அது.

அவ்வீட்டுக்கு இருவகைப் பகை உண்டு. ஒன்று கேடயம் பூண்டு வருவது. கிணற்றில் நீர் எடுக்காதே, தெருவில் நடவாதே, கோயிலில் நுழையாதே என்று வெளிப்படையாக நம்மை அழுத்திய தீண்டாமை அது. அதன் தோல் கடினமானது. பல தலைமுறை அதில் பல் பதியவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அதனைக் குற்றமென்று அறிவித்தது. இன்னும் அது ஒழிந்தபாடில்லையாயினும், அது பகை என்பதில் நம்முள் யாருக்கும் ஐயமில்லை. முசுறுகளும் கேடயப் புழுவின் மென்மையான அடிப்பகுதி வெளிப்பட்டால் கடிக்கவே செய்கின்றன.

மற்றது நம் மணம் பூசி வருவது. அதனை வெளிப்படையாகச் சொல்ல நமக்கு நாணம் உண்டாகின்றது. எனினும் சொல்லாமலிருப்பது பொய்யாகும். நம் சங்கத்தைச் சார்ந்த இரு குடும்பங்களுக்குள் சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மணப்பேச்சு நடந்தது. இரு வீட்டுச் சுவரிலும் பகவர் படம். இரு வீட்டாரும் மூன்று தலைமுறையாகத் திரிசரணம் சொல்பவர்கள். பெண்ணும் பிள்ளையும் ஒருவரையொருவர் விரும்பினர். எல்லாம் பேசி முடியும் வேளையில் ஒரு மூதாட்டி மெல்ல, "எல்லாம் சரி, அவர்கள் முன்னே எந்தப் பிரிவு?" என்று கேட்டார். அவ்வினா அதட்டலாக எழவில்லை, பரிவாகவே எழுந்தது. 'நம்மவர்', 'நம் வழக்கம்', 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற இனிய சொற்களோடு வந்தது. ஒரு வாரத்தில் பேச்சு முறிந்தது. அங்கே இருந்த நாம் என்ன செய்தோம்? குடும்ப விஷயம் என்று வாளாவிருந்தோம். அந்தப் பெண் அதன்பின் பூரணைக் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் நமக்கு வாய் எழவில்லை.

அம்மூதாட்டியை நாம் இகழவில்லை. அவர் நம் சங்கத்துக்காகத் தம் காது நகையைக் கழற்றித் தந்தவர். தம் குடும்பத்துக்கு நன்மை செய்வதாகவே அவர் எண்ணினார். புழுவைக் கவ்விச் செல்லும் எறும்பும் சோம்பேறி எறும்பன்று, துரோகியுமன்று. அது கடமை தவறாத எறும்பு. குஞ்சைக் காக்கவேண்டும் என்ற நல்லுணர்வே அதை ஏமாற்றுகின்றது. உறவுப் பாசம் என்னும் நல்ல மணத்தைப் பூசிக்கொண்டு சாதி உள்ளே நுழைகின்றது. நமக்குக் கீழே இன்னும் ஒருவர் இருக்கின்றார் என்னும் எண்ணத்தில் ஒரு துளி இனிமையும் இருக்கின்றது. பல நூற்றாண்டு கசப்பே உண்டவனுக்கு அத்துளி மிகவும் இனிக்கும். அதனாலேயே அது மிகவும் கொடியது.

மற்றொன்றையும் காணுங்கள். அப்புழு வளர்ந்த எறும்புகளைத் தின்பதில்லை, குஞ்சுகளையே தின்கின்றது. மணப்பேச்சு முறிந்தபின் மூதாட்டி வழக்கம்போல உண்டார், உறங்கினார். நாமும் வழக்கம்போலக் கூட்டம் நடத்தினோம். தின்னப்பட்டது அப்பெண்ணின் வாழ்வு. நாம் உள்ளே கொண்டுவரும் கேடு எதுவாயினும், பெருமையோ, குடியோ, ஊர்மெச்சக் கடன் வாங்கிச் செய்யும் சடங்கோ, அதற்கு விலை கொடுப்பவர் நம் பிள்ளைகளே. எவருடைய இழையால் இவ்வீடு நாளை தைக்கப்படவேண்டுமோ, அவர்களையே அது தின்கின்றது.

இதைக் கண்டு சிலர் சினம் கொள்வர். யார் வீட்டில் சாதி இருக்கின்றது என்று பெயர் சொல்லித் தூற்றுவோம் என்பர். அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. குயில்போல் வளரும் அப்புழுவின் உடலில் முட்டையிடும் குளவி ஒன்று இருக்கின்றது. அது புற்றில் நுழைந்து ஒருவகைப் பொருளை வெளிவிடுகின்றது. உடனே எறும்புகள் ஒன்றையொன்று கடித்துப் போரிடத் தொடங்குகின்றன. இது 2002-இல் வெளியான ஆராய்ச்சி. குளவியின் நாட்டம் புழுவின்மேல்தான். எறும்பின் நலத்தின்மேல் அன்று. நமக்குள் சண்டை மூட்டிச் சாதியை ஒழிக்க வருகின்றவன் எவனாயினும், அவன் நம் வீட்டைக் காக்க வந்தவனல்லன். பகை பகையால் தணிவதில்லை என்பது நாம் சிறு வயதுமுதல் கேட்டறிந்த அறம்.

பின் எவ்வாறு தணியும்? இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விளக்கம் தரும். அந்நாட்டில் பெரிய நீலம் குறைந்துகொண்டே வந்தது. அழகுக்காகப் பிடித்துச் செல்பவர்களே காரணம் என்று கருதி, அது வாழும் நிலங்களுக்கு வேலியிட்டனர். அப்படியும் அது குறைந்தது. ஜெரமி தாமஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்கில் அந்நிலங்களிலேயே தங்கிக் காரணத்தைக் கண்டார். 1950-களில் பரவிய நோயால் முயல்கள் மாண்டன. வேலியோ ஆடுமாடுகளையும் வெளியே நிறுத்திற்று. மேய்ச்சல் நின்றதால் புல் உயர்ந்தது. புல் உயர்ந்ததால் வெயில் மண்ணில் படவில்லை. மண் குளிர்ந்ததால் அப்புழுவைப் பேணும் குறிப்பிட்ட எறும்பினம் அழிந்தது. எறும்பு போனதால் வண்ணத்துப்பூச்சியும் போயிற்று. 1979-இல் அந்நாட்டில் அது அற்றுப்போயிற்று. பின்பு புல்லை மேய்ச்சலால் தாழவைத்து, ஸ்வீடன் நாட்டிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டனர். 1980-களிலிருந்து அது மீண்டும் அங்கே பறக்கின்றது.

'இது இருந்தால் அது உண்டாகும். இது நீங்கினால் அது நீங்கும்' என்ற பகவரின் கண்டறிவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? அதனை அழிக்க எவரும் கோல் எடுக்கவில்லை. அது சார்ந்து நின்ற நிலைமை மாறியது, அது இல்லையாயிற்று. நிலைமை திரும்பியது, மீண்டும் உண்டாயிற்று. அவர்கள் ஓர் அழகிய உயிரைக் காக்க இவ்வறிவைப் பயன்படுத்தினர். நாம் நம்முள் இருக்கும் ஒரு கேட்டை நீக்க இதனையே பயன்படுத்துவோமாக. சாதி தானே நிற்பதன்று. ஒவ்வொரு நாளும் நாம் ஊட்டுவதால் நிற்கின்றது. ஊட்டும் வாய் மூடுமானால் அது பட்டினியால் மாயும். ஒருமுறை மாய்ந்துவிட்டது என்று அயர்ந்தால், பழைய நிலைமையோடு அதுவும் திரும்பும்.

பகவர் ஓர் எல்லைநகரத்தை உவமையாகக் கூறினார். அந்நகரத்துக்கு ஆறு வாயில்கள், ஒரு வாயிற்காவலன். அவன் அறிந்தவரை உள்ளே விட்டு அறியாதவரைத் தடுக்கும் நுண்மதி உடையவன். நகரம் இவ்வுடல்; வாயில்கள் ஆறு புலன்கள்; காவலன் ஸதி என்னும் விழிப்புணர்வு. எறும்பு வீட்டிலும் காவலர் உண்டு. ஆனால் அவர்கள் மணத்தை மட்டுமே அறிவர். பழகிய மணம் வீசினால் வழிவிடுவர். நம் காவலன் மணத்தோடு நிற்கலாகாது. 'இச்சொல் இனிக்கின்றதே, ஏன் இனிக்கின்றது? இதனால் வளரப்போவது எது? தேயப்போவது எவர்?' என்று அவன் கேட்கவேண்டும்.

ஆகவே நம் அன்பர்களை இவ்வளவே வேண்டுகின்றோம். அடுத்த முறை நம் இல்லத்தில் மணப்பேச்சு எழும்பொழுது, பிள்ளை குடிப்பவனா, பெண்ணை மதிப்பவனா, பொய் சொல்பவனா என்று கேளுங்கள். இவை சீலத்தைப்பற்றிய வினாக்கள். எந்தப் பிரிவு என்ற வினா நாவில் எழுந்தால், அதைச் சொல்வதற்குமுன் மூன்று மூச்சு நேரம் நிறுத்திப் பாருங்கள். பிறர் அதைக் கேட்டால், நாம் அன்று இருந்ததுபோல் வாளாவிருக்க வேண்டா. அன்போடு, ஆனால் எல்லோரும் கேட்கும்படி, 'அம்மா, அவ்வினா நம் வீட்டு வினா அன்று' என்று சொல்லுங்கள். பூரணைக் கூட்டத்துக்கு வராமற்போன அப்பெண்ணின் இல்லத்துக்கு நாமும் இவ்வாரம் செல்லத் துணிந்தோம். மன்னிப்புக் கேட்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவதும் பேதைமையே.

கிடர்பூர் மாமரத்தில் முசுறுகள் இன்றும் இலை தைத்துக்கொண்டிருக்கும். தைக்கும் எறும்பும் உண்ணும் புழுவும் பறந்து செல்லும் வண்ணத்துப்பூச்சியும் தம் வழியை அறியாமலே வாழ்கின்றன. அவற்றின்மேல் நம் கருணை செல்வதாக. அறியும் ஆற்றல் பெற்ற நாம் அறிந்து வாழ்வோமாக.

நெடியனவும் சிறியனவும், காணப்படுவனவும் காணப்படாதனவும், பிறந்தனவும் பிறக்கவிருப்பனவும் ஆகிய எல்லா உயிர்களும் இன்புறுக! நம் பிள்ளைகள் பகையறியாத வீட்டில் வளர்க!

நமோ புத்தாய.